ஸ்டிக்கர் இல்லாத தக்காளிப் பெட்டிகள்

பெரிய கம்பெனிகள் வருஷக் கடைசியில் பளபளவென்று ஓர் அறிக்கைப் புத்தகம் போடுமே, அதில் வரும் எண்களைத் தேடி வெயிலில் அலைவதும் ஒரு உத்தியோகம்தான். எங்கள் கம்பெனி காய்கறி வியாபாரிகளுக்குப் பிளாஸ்டிக் பெட்டிகளை வாடகைக்குத் தருகிறது. பெட்டி போகும், காலியாகி யார்டுக்குத் திரும்பும், கழுவியதும் மறுபடி போகும். புத்தகத்தில் இதற்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் இருக்கும். கழுவி வெளியே அனுப்பும்போது போனைக் காட்டினால், சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு சுற்று ஏறிவிடும். தர்மபுரி மாவட்டத்தில் அதைச் சரிபார்ப்பவள் நான். டேட்டா கேட்டுக் கேட்டே ஊரில் கெட்ட பெயர் வாங்கிய என் இனத்தவரே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதல் வகுப்பு

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாரண்டஹள்ளி மண்டியில் ஒரு தக்காளி வியாபாரிக்கு இந்தச் சுழற்சியை விளக்கினேன். லேப்டாப்பைத் திறந்து வட்டம் காட்டினேன், அம்புக்குறி காட்டினேன், பச்சை இலைகூடக் காட்டினேன். மனுஷன் லாரிக்குப் பெட்டி ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். ஆஹா, புரிந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன்.

"அதாவது, பொட்டிய எடுத்தவன் ஒழுங்கா திருப்பிக் குடுக்கணும், அவ்வளவுதானே மேடம்? இதுக்கா அரை மணி நேரம் லாரிய நிறுத்தி வச்சீங்க?"

தீர்த்தமலையில் ஒரு புள்ளி

சோதனைக்காகச் சில பெட்டிகளில் இடம் காட்டும் சில்லு வைத்திருந்தார்கள். அதில் ஒன்று மேப்பில் தீர்த்தமலையில் போய் உட்கார்ந்துகொண்டது. நாள் கணக்கில் நகரவே இல்லை. மொரப்பூர்ப் பக்கம் தக்காளி ஏற்றப் போன பெட்டிக்கு மலைக்கோயில் அடிவாரத்தில் என்ன வேலை? எனக்கு இந்த மாதிரி ஒன்று மண்டைக்குள் புகுந்துவிட்டால் சோறு இறங்காது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெட்டி ஒரு பூஜைச் சாமான் கடை வாசலில் இருந்தது. யாரோ தேங்காய் பழம் வைத்து எடுத்து வந்து விட்டுப்போனதாம். மலையேறுகிறவர்களின் செருப்பை அதில் போட்டு வைத்திருந்தார் கடைக்காரர். இது சுற்றில் இருக்க வேண்டிய பெட்டி, இப்படி முடக்கி வைக்கலாமா என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன். அவர் அசரவில்லை.

"முடங்கி எங்கங்க கிடக்குது? காலையிலிருந்து எத்தனை செருப்பு உள்ள போய் வெளிய வந்திருக்குதுன்னு நீங்களே நின்னு பாருங்க!"

சுத்தத்தின் விலை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுற்று குறைவான யார்டுகளை மூடுவது என்று சென்னையில் முடிவாகி, முதல் பெயராக மாரண்டஹள்ளி வந்தது. அந்த யார்டை நடத்தும் மெர்சி அக்காவும் கூட இருக்கும் பெண்களும் முன்பு விடியக்காலை பஸ் பிடித்து ஓசூருக்கு வேலைக்குப் போனவர்கள். யார்டு மூடினால் மறுபடியும் அந்த பஸ்தான். ஆனால் நான் போகும்போதெல்லாம் அங்கே பெட்டி மலையாகக் குவிந்திருக்கும், அத்தனை பேரும் கை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு எப்படிக் கணக்கில் குறையும்?

ஒரு நாள் பூராவும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். மத்தியானம்தான் உறைத்தது. மெர்சி அக்கா கம்பி நாரால் அழுத்தித் தேய்க்கிற தேய்ப்பில், மண்ணோடு ஸ்டிக்கரும் சுரண்டிக்கொண்டு போனது. ஸ்டிக்கர் போன பெட்டி கம்ப்யூட்டருக்குத் தொலைந்த பெட்டி! அரைகுறையாகத் தண்ணீர் தெளித்து அனுப்புகிற யார்டுகளெல்லாம் முதலிடத்தில் நின்றன. இதென்ன அநியாயம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஏன்க்கா, அதை எதுக்கு எடுத்தீங்க?" என்றேன். அக்கா நாரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஓரம் பிஞ்சி கறுப்பா ஒட்டிட்டு இருந்துச்சுங்க மேடம். அழுக்கோட அனுப்பினா நம்ம யார்டுக்குத்தானே அசிங்கம்?"

போட்டோகிராபர்

இதையெல்லாம் விலாவாரியாக எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை சிஸ்டம் ஏற்காது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அக்கா வேறு தினமும் போன் போட்டு, "மேடம், ஓசூர்ல பழைய எடத்துலயே கேட்டு வைக்கட்டுங்களா?" என்று கேட்டார். நாலு நாள் பொறுங்கக்கா என்று சொல்லிவைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அறிக்கைக்குப் படமெடுக்க ஒரு போட்டோகிராபர் வந்தார். மாவட்டத்து யார்டு எல்லாவற்றையும் அவருக்குக் காட்டினேன். முதலிடம் வாங்கிய யார்டில் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. மாரண்டஹள்ளியில், வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நீலப் பெட்டிகளைப் பார்த்ததும் பேண்ட் நனைவதைக்கூடப் பார்க்காமல் ஈரத்தில் மண்டி போட்டுவிட்டார்.

"இதுதாங்க பொட்டி! மத்த ஊர்ல எல்லாத்துலயும் ஏதோ ஒரு கந்தல் பேப்பர் ஒட்டிக்கிட்டு இருக்குது, படத்தையே கெடுக்குது."

அட்டைப்படம்

அச்சுக்குப் போகும் முன் எண்களைச் சரிபார்க்கப் புத்தகத்தின் நகல் எனக்கு வந்தது. அட்டையில் மெர்சி அக்காவின் பெட்டிகள், வானம் மாதிரி. உள்ளே அட்டவணையில் அதே பெட்டிகள் தொலைந்தவை! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அறிக்கையைப் பார்த்துக்கொள்ளும் சென்னை மேடத்துக்கு உடனே போன் போட்டேன். "மேடம், தொலைஞ்சுபோன பெட்டியை அட்டையில போட்டிருக்கோம். யாராவது எங்க கிடைச்சதுன்னு கேட்டா என்ன சொல்றது?" அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அட்டை எம்.டி. ஓகே பண்ணது, மாத்த முடியாதும்மா. நீ அந்தப் பெட்டிங்களைக் கையால எண்ணிக் கணக்குல ஏத்திடு. ஸ்டிக்கருக்குப் பதிலா நம்பரை இனிமே பெட்டியிலேயே பொறிக்கச் சொல்லிடறேன். யார்டை மூடுற பேச்சை இத்தோட விடு."

நேரே மாரண்டஹள்ளிக்கு ஓடினேன். யார்டு மூடவில்லை என்றதும் மெர்சி அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, ஈரக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பேச்சை மாற்றுவோமென்று போனில் அட்டைப்படத்தைக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஐயோ மேடம், இந்தக் கடைசிப் பொட்டியில மண்ணு இருக்குது பாருங்க! புக்குல வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னொரு தடவை தேச்சிருப்பேனே!"

கம்ப்யூட்டர் தொலைத்ததைக் கேமரா கண்டுபிடித்துக் கொடுத்தது, நடுவில் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டவள் மட்டும் நான்.