வாசலில் ஊதாத் தண்ணீர்

தொண்ணூற்றாறில் பாளையங்கோட்டைத் தெருக்கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. மனைவி போனபின் தனியாக இருந்த ஐயம்பெருமாள், தம் லவ் பேர்ட்ஸைக் காக்க வாசலில் கிருமி கொல்லும் பெர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீரைத் தட்டில் வைத்தார். வருகிறவர்கள் கால் நனைத்துத்தான் நுழைய வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், அளவு பிசகாது.

ஆனால் அந்நோய் மனிதரையும் கொல்லும் என்று புரளி. வாரந்தோறும் பறவைகளுக்குத் தினை கொண்டுவந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கும் நண்பர் மீரா முகைதீன், பையைக் கேட்டிலேயே மாட்டினார்.

"உள்ள வாரும்வே. மனுசன ஒண்ணும் செய்யாது."

"இருக்கட்டும் அண்ணாச்சி. வீட்டுல பேரப்புள்ள இருக்குல்லா."

அழுக்குக் கால் பட்டால் அந்தத் தண்ணீர் பழுப்பாகும். மாலையிலும் அது ஊதாவாகவே இருந்தது.

ஐயம்பெருமாள் வெறுங்காலோடு தெருமுனைவரை நடந்தார். திரும்பி வந்து, இரு கால்களையும் நனைத்து, "வாரும்வே, உக்காரும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.