தைமானே எடுத்துக் கொடுத்த நான்கு பக்கங்கள்

தைமானேயிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, பக்க எண்தான் வரும் என்று எங்கள் சபையில் கேலி பேசுவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட உட்காரும்போது யாராவது, "தைமானே, சேப்பங்கிழங்கு வெந்திருச்சா?" என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தர், "மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டுல போய்ப் பாருங்க" என்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் அவளுக்கு அதில் பெருமைதான். ஆக்லாந்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில், பதினோரு வருஷம் வண்டி தள்ளிப் புத்தகம் அடுக்கிய பிறகு, எதைத் தேடி வந்தாலும் வழி சொல்லும் உசாத்துணை மேசையில் உட்காரும் இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. அந்த நாற்காலியில் அதுவரை எங்கள் சமோவாத் தீவுக்காரி ஒருத்தி உட்கார்ந்ததில்லை.

அங்கே வரும் மாணவர்களில் பாதிப் பேர் சோதனை தேடி வருவார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாசிப்புச் சோதனை, பேசாத பிள்ளைக்கு அறிவுச் சோதனை, பயந்த பிள்ளைக்கு மனச் சோதனை என்று ஒவ்வொருத்தருக்கும் ஒன்று வேண்டும். இதில் தைமானேயை மிஞ்ச ஆள் இல்லை. தலையணை கனத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதில் சோதனையின் பெயர், செய்தவர், எந்த வயதுக்கு, எங்கே விற்கிறது எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மதிப்புரைத் தொகுதிகளுக்குப் போனால், பொடி எழுத்தில் பேராசிரியர்கள் அந்தச் சோதனையை நார் நாராகக் கிழித்திருப்பார்கள். அச்சுக்கு வராத சோதனை என்றால் ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களில் தேட வேண்டும். அதற்கு வேறொரு அட்டவணை. சோதனையின் கேள்வித்தாள் மட்டும் நூலகத்தில் கிடைக்காது. அது கையெழுத்துப் போட்டு வாங்கும் உளவியல் நிபுணர்களின் பூட்டிய அலமாரியில் இருக்கும்.

தலைமை நூலகர் மிசஸ் ஹேவர்த் நல்ல மனுஷி, கண்டிப்பானவர். மேசையில் உட்கார வைத்த முதல் நாளே தைமானேயிடம் சொல்லிவிட்டார்.

"எங்க இருக்குன்னு சொல்லு. என்ன அர்த்தம்னு சொல்லாத. வைத்தியப் புத்தகம் கேட்டா புத்தகத்தை எடுத்துக் குடு, நாடி பிடிச்சுப் பாக்காத. நாம டாக்டர் இல்ல."

அந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நல்ல விதிதான். நல்லதாக இருந்ததுதான் கொடுமை, கெட்டதாக இருந்திருந்தால் தைமானே என்றைக்கோ அதை மீறியிருப்பாள். ஆறு மாதம் தகுதி பார்த்துத்தான் அந்த வேலையை நிரந்தரமாக்குவார்கள். நான்காவது மாதத்தில், ஒரு மாணவியிடம் "இந்தச் சோதனை உங்க பிள்ளைங்களுக்கு ஒத்து வராதும்மா" என்று வாய் தவறிச் சொல்லி, தனி அறையில் வைத்து எச்சரிக்கையும் வாங்கியிருந்தாள்.

ஐந்தாவது மாதத்தில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அவள் தங்கை லூபே நூலகத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. மேல்கோட்டுக்குக் கீழே வேலை அங்கி ஈரத்தோடு தெரிந்தது. அதுவரை அவள் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. மேசைக்கு முன்னால் நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"உக்காருடி. என்ன இது?"

"மாசினாவோட ஸ்கூல்ல குடுத்தாங்கக்கா. வீட்டுக்கு வரலாம்னு பாத்தேன், தாஃபா வேண்டாம்னுட்டார். சபையில யாருக்கும் தெரியக்கூடாதாம்."

மாசினா லூபேக்கும் அவள் கணவர் தாஃபாவுக்கும் ஒரே பெண், ஏழு வயது. கடிதத்தில் ஒரு சோதனையின் சுருக்கப் பெயர், தேதி, ஐம்பத்தெட்டு என்று ஒரு மதிப்பெண். நூறு என்பது நடுத்தரம். பிள்ளை சாதாரண வகுப்பில் படிக்க இயலாதவள், கடல் தாண்டித் தெற்குத் தீவில் உள்ள தங்கிப் படிக்கும் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பப் பரிந்துரைக்கிறோம், நாளை காலை பெற்றோர் வந்து ஒப்புதல் தர வேண்டும் என்று எழுதியிருந்தது.

தைமானே கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். போன வருஷம் வெள்ளை ஞாயிறன்று, பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வசனம் சொல்லும் அந்த நாளில், இருபத்திரண்டு வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பித்த பிள்ளை அவள்.

"சோதனை வச்சப்ப என்ன நடந்துச்சாம்?"

"ஒரு ஐயா தனி ரூம்ல வச்சுக் கேள்வி கேட்டாராம். இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்திருக்கா. ஏண்டி பேசலன்னா, பெரியவங்க கிட்ட நிச்சயமாத் தெரியாம எப்படிம்மா வாயத் திறக்கிறதுங்கிறா. ரெண்டு கேள்விக்குப் பதில் தெரியுமாம், ஆனா அவர் முகத்தை எப்படி நிமிந்து பாக்கறதுன்னு சொல்லலையாம்."

நம் வீடுகளில் பிள்ளையை அப்படித்தான் வளர்க்கிறோம். தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் ஊகம் பண்ணிப் பெரியவர் நேரத்தை வீணாக்காதே, கண்ணைத் தாழ்த்து. அதற்குத்தான் ஐம்பத்தெட்டு.

தைமானே எழுந்தாள். பட்டியலில் பெயரைப் பிடித்தாள், எண்ணைப் பிடித்தாள், மதிப்புரைத் தொகுதியைத் திறந்தாள். பத்து நிமிஷம் ஆகவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் தேடியதில்லை. இரண்டு பேராசிரியர்கள் எழுதியிருந்தார்கள். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு இந்தச் சோதனையின் சொற்பகுதி பொருந்தாது, மௌனத்தைத் தவறான விடையாகக் கணக்கிடுவது பெரிய குறை, இதை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைப் பள்ளி மாற்றவே கூடாது. எல்லாம் அப்படியே இருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் மாசினாவுக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது. நான்கு பக்கத்தையும் நகல் எடுத்தாள்.

திரும்பி வந்தபோது மேசை அருகில் மிசஸ் ஹேவர்த் நூல் அட்டைகள் இருக்கும் இழுப்பறையைப் புரட்டிக்கொண்டு நின்றார். நம் சமோவா மொழியில் சொல்லியிருக்கலாம், அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்த மேசையில் வேற்று மொழியில் தணிந்த குரலில் பேசினாலே சந்தேகம் வரும் என்று தைமானே பயந்து, ஆங்கிலத்தில் நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். இதைப் பின்னால் அவளே சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள்.

"இந்தா. அந்தச் சோதனையைப் பத்தி இதுல எல்லாம் இருக்கு. நாளைக்கு அவங்க முன்னாடி வை."

"என்னக்கா எழுதியிருக்கு?"

"படிச்சா அவங்களுக்குப் புரியும். நான் கூட வரட்டுமா?"

"தாஃபா ஒத்துக்க மாட்டார். குடும்பத்தையே கூட்டிட்டு வந்தியான்னு கேப்பாங்களாம்."

சாயந்திரம் தங்கை வீட்டுக்குப் போய் விளக்கமாகச் சொல்லலாம் என்று நினைத்தாள். வெள்ளை ஞாயிற்றுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பிள்ளைகளுக்குப் பாட்டு ஒத்திகை அவள் பொறுப்பு. ஒத்திகை நீண்டுவிட்டது. அதோடு, எழுத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கிறதே, படித்தவன் எவனும் அதைத் தாண்டிப் போக மாட்டான் என்ற நம்பிக்கை வேறு. அச்சடித்ததை மனிதர்கள் படிப்பார்கள் என்று நம்பியவள் அவள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று சனிக்கிழமை லூபே வந்து சொன்னாள். முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்துத் தைமானே நல்ல செய்தி என்றே நினைத்துவிட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டோம்க்கா."

"எதுல?"

"அனுப்பறதுக்கு. நீ குடுத்த தாளை அந்த ஐயா முன்னாடி வச்சேன். புரட்டிப் பாத்தார். ஆமாம்மா, எங்க சோதனைதான், உலகம் பூரா தெரிஞ்ச சோதனை, பல்கலைக்கழகப் புத்தகத்துலயே இருக்கு பாருங்கன்னார். எனக்கு அப்பதான் மனசு ஆறிச்சு. அதுவரைக்கும் இந்த ஆளு நம்ம பிள்ளையை ஏமாத்தறாரோன்னு இருந்துச்சு. நீயே புத்தகத்துல இருந்து எடுத்துக் குடுத்திருக்க, அப்புறம் என்ன சந்தேகம்? தாஃபாவும் அதையேதான் சொன்னார். உங்கக்கா பாக்காம குடுத்திருப்பாளான்னார்."

லூபே அந்தத் தாளை எப்படிப் பார்த்தாள் என்று தைமானேக்கு அப்போதுதான் விளங்கியது. பெரிய புத்தகத்தில் ஒன்றின் பெயர் இருந்தால் அது உண்மை, நல்லது. வேதப்புத்தகம் ஒன்றையே புத்தகம் என்று அறிந்து வளர்ந்த வீட்டில் வேறெப்படி நினைப்பார்கள்? அவளும் அதே வீட்டில்தானே வளர்ந்தாள்? புத்தகம் ஒன்றைத் திட்டுவதற்காகவும் அதன் பெயரை எழுதும் என்பதை, பதினோரு வருஷம் அடுக்கிய பிறகல்லவா அவளே கற்றுக்கொண்டாள்.

அன்றைக்கே தாஃபாவிடம் போய் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் கடைசி வரை கேட்டார்.

"இதை வியாழக்கிழமை சொல்லியிருக்கணும். இப்ப கையெழுத்துப் போட்டாச்சு. மாத்திப் பேசினா, அடுத்து இந்த நாட்டுல தங்கற பெர்மிட்டை எடுத்துக் காட்டுன்னு வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. என் தம்பியை அப்படித்தானே விடியக்காலையில வந்து தூக்கிட்டுப் போனாங்க? எனக்கு வேண்டாம்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வருஷங்களில், பெர்மிட் தீர்ந்த தீவுக்காரர்களைத் தேடி வந்து போலீஸ் தட்டாத கதவு எங்கள் தெருக்களில் குறைவு.

தைமானே பள்ளிக்குப் போனாள். "நீங்க பிள்ளைக்கு யாரு?" என்று கேட்டார்கள். பெரியம்மா என்றாள். பெற்றோர் ஒப்புக்கொண்ட விஷயம் என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டார்கள். கல்வி இலாகாவுக்கு எழுதினாள். அதோடு நிற்கவில்லை, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். அட்டவணை, சுருக்கத் தொகுப்பு, ஆய்வேடு என்று அந்தச் சோதனையைப் பற்றி எழுதிய எதையும் விடவில்லை. விரிவுரையாளர் ஒருவர் இரக்கப்பட்டுத் தன் அறையில் வைத்துச் சோதனைக் கையேட்டைக் காட்டினார். எந்தப் பிள்ளைகளை வைத்து அளவுகோல் செய்தார்கள் என்று அதில் பட்டியல் இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள், தீவுப்பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதையும் எழுதி அனுப்பினாள். கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது, இரண்டு வருஷம் கழித்து மறுசோதனை நடக்கும் என்று ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் மாசினாவைக் கப்பலேற்றிவிட்டார்கள். தைமானேக்கு வேலை நிரந்தரமானது. மிசஸ் ஹேவர்த் கேக் வெட்டினார். அவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதாள்.

முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மாசினா வந்தாள். போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மேசையில் கிடந்த துணிகளை ஓரம் பிசகாமல் மடித்து வைத்தாள்.

"அங்க என்னடா கத்துக்கிட்ட?" என்று தைமானே கேட்டாள்.

"துண்டு மடிக்க. தட்டு வைக்க. உருளைக்கிழங்கு சீவ."

"படிக்க?"

"புத்தகம் என் வீட்டுப் பிள்ளைங்களுக்கு இல்ல பெரியம்மா. மாடி வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான்."

மதிப்பெண்படி பிள்ளைகளைப் பிரித்து வீடு வீடாக வைத்திருந்தார்கள். அறுபதுக்குக் கீழ் வாங்கியவர்களுக்கு எழுத்து கற்றுக்கொடுப்பது வீண் செலவு என்பது அந்த இடத்தின் எண்ணம். விடுமுறை முடியும்வரை தைமானே தினமும் பிள்ளையை மடியில் வைத்து எழுத்து சொல்லிக்கொடுத்தாள். மூன்று வாரத்தில் பிள்ளை சின்னச் சின்னச் சொற்களைக் கூட்டிப் படித்தாள். பிறகு கப்பல் வந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அத்தனையும் போயிருந்தது, நம் மொழியிலும் பாதி போயிருந்தது.

இரண்டு வருஷம் முடிந்து மறுசோதனை நடந்தது. அதே சோதனைதான். இந்த முறை பிள்ளை தலை குனியவில்லை. அந்தப் பள்ளியில் பதில் சொல்லாவிட்டால் சாப்பாட்டுக்குக் கடைசியில் நிற்க வேண்டும். அதனால் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நிமிர்ந்து பதில் சொன்னாள்.

முடிவு வந்த அன்று லூபே மறுபடியும் நூலகத்துக்கு வந்தாள். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் மடித்துக் கொண்டுவந்த கடிதத்தைத் தைமானே விரித்தாள். ஐம்பத்தொன்று.

மிசஸ் ஹேவர்த் இரண்டடி தள்ளித்தான் நின்றார். நிற்கட்டும் என்று தைமானே வாய்விட்டுப் பேசினாள், நம் மொழியில், நூலகமே திரும்பிப் பார்க்கிற குரலில்.

"லூபே, கேளு. ரெண்டு வருஷம் எழுத்தே சொல்லித் தராம வச்சிருந்து, எழுத்து தெரியுமான்னு கேட்டா எந்தப் பிள்ளைக்கு மார்க் வரும்? அவளை முட்டாளாக்கிட்டு, முட்டாள்னு அளந்து எழுதியிருக்காங்க. அந்தச் சோதனை தப்பு. அன்னிக்கு நான் குடுத்த தாள்லயும் அது தப்புன்னுதான் போட்டிருந்துச்சு. நான் வாயத் திறந்து சொல்லல. என் வேலைக்குப் பயந்துட்டு சொல்லல. என்னை மன்னிச்சிருடி."

லூபே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சலவை சோடாவில் வெந்த கை, சொரசொரவென்று இருந்தது. அக்காவைப் பார்த்த அவள் கண்ணில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தைமானே பிழைத்திருப்பாள்.

"விடுக்கா. நீ பிள்ளை மேல உள்ள பாசத்துல இப்படிப் பேசற. முதல்ல அம்பத்தெட்டுன்னப்ப எனக்கும்தான் நம்ப முடியல. இப்ப பதில் சொல்லியும் அம்பத்தொண்ணுதான் வந்திருக்கு. அந்தப் புத்தகம் அன்னிக்கே சரியாத்தான் சொல்லியிருக்கு. நமக்குத்தான் ஒத்துக்க மனசு வரல."

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்தாள். கடிதத்தின் இரண்டாவது தாளைத் தைமானே அப்போதுதான் பார்த்தாள். பதினாறு வயது வரை பிள்ளையை அங்கேயே வைத்திருக்க ஒப்புதல் கேட்டிருந்தார்கள். அதில் லூபே ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தாள்.