விலகிக்கொண்டவன்

அந்த முதலீட்டு வங்கியில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு துணைத்தலைவர் மேல்தான் விழ வேண்டும். இவரும் அவர்களில் ஒருவர். ஆனால் பேர் தெரியாத கல்லூரியிலிருந்து வந்தவர் இவர் ஒருவர்தான். எட்டே எட்டுக் கல்லூரிகளின் விண்ணப்பங்களைத்தான் அங்கே படிப்பார்கள். மிச்சமெல்லாம் கணினியில் 'மற்றவை' என்ற இடத்தில் போய் விழும். அதை யாரும் திறப்பதில்லை.

சொந்தக்காரர்கள் இவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இவருக்கோ பதினோரு வருடமாகச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? செய்த காரியம் அப்படி.

கல்லூரி விடுதியில் இவரோடு ஒரே அறையில் இருந்தவன் நெட்டையன். இதே வங்கியின் மேலாளர் ஒருவரை மின்னஞ்சலில் விடாமல் நச்சரித்து, வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லிப் பதில் வாங்கியவன் அவன்தான். வியாழனன்று அவனுக்குக் குடல்வால் ஆபரேஷன். கட்டிலில் கிடந்தபடியே பாஸ்வேர்டைச் சொல்லி, "நீயே அனுப்பிடுடா" என்றான். இவரும் அனுப்பினார். 'நான் விலகிக்கொள்கிறேன், என் நண்பனைப் பாருங்கள்' என்று அவன் பெயரிலேயே எழுதி, தன்னுடைய விண்ணப்பத்தை இணைத்தார். பிறகு அந்த மின்னஞ்சலை அழித்தார். என்ன சாமர்த்தியம்! "ரெண்டு பேருதையும் அனுப்பினேன், என்னைக் கூப்பிட்டுட்டாங்க" என்று அவனிடம் புளுகினார்.

நெட்டையன் அதே கல்லூரியில் ஆசிரியரானான். வருடந்தோறும் தன் மாணவர்களின் விண்ணப்பங்களை இவருக்கு அனுப்பினான். அவர்களில் ஒருவர் உள்ளே வந்தாலும் பழைய கதை கூடவே வந்துவிடுமே என்று இவருக்குப் பயம். அத்தனையையும் 'மற்றவை'க்குள் தள்ளினார். லிப்ட் கண்ணாடியில் தனக்குப் பின்னால் உயரமாக யாரோ நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் ஆள் இருக்காது.

போன வாரம் ஒரு மத்தியானம், நெட்டையன் நிஜமாகவே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்று இவர் ஆரம்பித்தார்.

"தெரியும். நான் விலகினதுக்கு வருத்தப்பட்டு அந்த மேனேஜர் அப்பவே எனக்குப் பதில் போட்டிருந்தார்."

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

"கேட்டா உன் வேலை போயிருக்கும். நம்ம காலேஜுக்கு உள்ள ஒரு ஆளாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். பழசை விடு, அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." நெட்டையன் கொஞ்சம் தண்ணீர் குடித்தான். "நாப்பத்திமூணு பிள்ளைங்களை அனுப்பினேனே, ஒண்ணுகூடத் தேறலையா?"

இவர் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

"படிச்சாவது பாத்தியா?"

இவர் இல்லையென்று தலையாட்டினார். மன்னிக்க வந்தவன், மிச்சத் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.