எண்ணித் தந்த விறகு

ஏறாவூர் நெல் மில்லில் நெல் அவிக்கிற சீதேவிப்பிள்ளையிடம் நீ யார் என்று கேட்டால், கூலிக்காரி என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். "நான் மில்லு அடுப்புக்காரி" என்பாள், என்னவோ வயல்காரப் போடியார் பெண்சாதி மாதிரி. புருஷன் செத்த அடுத்த மாதமே அந்த அடுப்படிக்கு வந்தவள், பதினாலு வருஷமாயிற்று. மற்ற மில்லுகளில் ஒரு அவியலுக்கு இருபது கட்டை விறகு போகும். அவளுக்குப் பன்னிரண்டு போதும். முதல் நெல் வாய் பிளந்ததும் கட்டைகளை இழுத்து அணைத்துவிடுவாள். தணலில் உமியைத் தூவி, நெல் வேகும் கிடாரத்தைச் சாக்கால் மூடுவாள். "மிச்சம் தன்ட சூட்டில வேகும்" என்பாள். அப்படிச் செய்யச் சொல்லி அவளை எவரும் கேட்டதில்லை.

யுத்தம் வந்தது. காட்டு மரமெல்லாம் பட்டாளத்துக்குப் போக, விறகு வண்டியைக் காண்பதே அருமையாகிவிட்டது. அறுவடை முடியுமட்டும் விறகு போதாவிட்டால் மில்லை மூட வேண்டும். அடுப்படியை நம்பியிருந்த எட்டுப் பெண்களும் பட்டினிதான். முதலாளி முகைதீன்பாவா நல்ல மனுஷன். ஆனால் பயம் பிடித்தால் புத்தி கோணிவிடுமே! விறகுக் கொட்டிலுக்குப் பெரிய பூட்டொன்றைப் போட்டார். காலையில் தானே திறந்து, மிஞ்சினால் திரும்பி வரும் என்ற நினைப்பில், மற்ற மில்லுகளின் வழக்கப்படி அவியலுக்கு இருபது கட்டை எண்ணிக் கொடுத்தார்.

பூட்டைக் கண்டதும் சீதேவிப்பிள்ளைக்கு முகம் கறுத்தது. பதினாலு வருஷத்தில் ஒரு சுள்ளியாவது வீட்டுக்குக் கொண்டுபோனவளா அவள்? இருபதையும் வாங்கினாள், இருபதையும் எரித்தாள்.

கூட வேலை செய்த கண்ணகை பதறிப்போனாள். "என்னகா இது, நெல்லு வெந்த பிறகும் எரியிது?"

"எரியட்டும். எண்ணித் தந்த விறகுதானே, நமக்கென்ன?"

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் கொட்டிலில் தரை தெரிந்தது. முதலாளி தலையில் கை வைத்தார்.

"பூட்டுப் போட்டும் விறகு போகுதே புள்ள! ஆர் எடுத்த?"

"ஆரும் எடுக்கல்ல முதலாளி. நான்தான் எரிச்சன்."

"முந்திப் பன்னிரண்டில அவிச்சாயே!"

"ஓம். அப்ப அது என்ட அடுப்பு. இப்ப நீங்க எண்ணித் தாற விறகு." அவள் கொட்டில் பூட்டைக் காட்டினாள். "கள்ளிக்குப் பூட்டுற மாதிரிப் பூட்டினீங்களே!"

கோபம் வரவேண்டிய இடத்தில் முகைதீன்பாவாவுக்கு வெட்கம் வந்தது. மடியிலிருந்த சாவியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார்.

"அல்லாஹ் அறிய, உன்ன நினைச்சுப் பூட்டல்ல. பயத்தில பூட்டின. இனி உன்ட பொறுப்பு. அறுவடை முடியுமட்டும் ஓடுமா?"

சீதேவிப்பிள்ளை கொட்டிலை எட்டிப் பார்த்தாள். தன் ரோசத்துக்காக எட்டு வீட்டுச் சோற்றையல்லவா எரித்திருக்கிறாள்!

"பன்னிரண்டும் இனிக் கூடுதல், முதலாளி. எட்டில அவிப்பன்" என்றாள்.

சொன்னபடி அவித்தாள். உமி தூவுவது போய், கூடை கூடையாகக் கொட்டிப் பக்குவமாக எரித்தாள். கண்ணகையும் மற்றவர்களும் வரும் வழியில் வாவிக்கரையில் கிடந்த தென்னம்பாளை, மட்டை, பன்னாடையெல்லாம் பொறுக்கி வந்தார்கள்.

கடைசி மூடை அவிந்த அன்று கொட்டிலில் ஏழு கட்டை மிச்சம். முகைதீன்பாவா விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார்; அவள் பார்ப்பதைக் கண்டு சிரித்துக்கொண்டு கையை மடக்கினார்.

"அந்தப் பூட்டு எங்க புள்ள?"

"உமிப் பெட்டி மூடி காத்துக்குப் பறக்குது முதலாளி. பாரத்துக்கு வச்சிரிக்கன்."