பேசிக்கொண்டே ஓட்டிய றுமைஸா அக்கா

காருக்குள் ஏதாவது கடகடத்தால் சில பேர் ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. வத்தேகமவிலிருந்து கண்டி வரைக்கும் வீடு வீடாகப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். நாளில் பாதி காருக்குள்ளேதான் கழிகிறது. அதற்குள் ஒரு சத்தம் தொடங்கினால் என் புத்தி அதை விட்டு நகராது, வீட்டுக்கு வந்தால் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். என் வீட்டுக்காரர் மோகனராஜ், "கார் ஓடுதுதானே, பெறகு என்ன?" என்பார். அவருக்கு எதுவென்றாலும் "பெறகு என்ன"தான்.

புது வாகனம் வாங்கவும் வழியில்லாமல் இருந்த காலம். இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள், இருக்கிற கிழட்டுக் கார்களையே எல்லோரும் தட்டிக்கொட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். என் காருக்கு டயர் மாற்றியவர்தான் சொன்னார், கட்டுகஸ்தோட்டையில் சத்தம் பார்க்கிற நாநா ஒருவர் இருக்கிறார் என்று. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நாநா என்றுதான் சொல்வோம். எஞ்சின் பார்க்கிறவர், பெயின்ட் அடிக்கிறவர் எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். சத்தம் பார்க்கிறவரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அஸ்ஃபர் நாநாவுக்குக் கராஜ் என்று ஒன்றும் இல்லை. வீட்டு முற்றத்தில் ஒரு தகரக் கூரை, அதற்குக் கீழே பழைய சைக்கிள் டியூப், தையல்காரரிடம் வாங்கி வந்த கம்பளித் துணி வெட்டுகள், ஸ்பொஞ்ச், இவ்வளவும்தான். அவர் வேலை செய்யும் விதம்தான் விசேஷம். ஓட்டுகிறவனுக்குச் சத்தம் எங்கே என்று தெரியாது, அவன் கவனம் ரோட்டில் இருக்கும் என்பது அவருடைய கட்சி. ஆகவே காரை ஓட்டுவது அவருடைய மனைவி றுமைஸா அக்கா. நாநா பின்சீட்டில் மல்லாக்கப் படுத்துக்கொள்வார், சில நேரம் டிக்கிக்குள்ளேயும் சுருண்டு கிடப்பார். ரயில் கடவையைத் தாண்டி, அரிசி ஆலைக்கு ஏறும் குண்டும் குழியுமான ஒழுங்கையில் அக்கா மெதுவாக உருட்டிக்கொண்டு போவார். சத்தம் வருகிற பக்கமாக நாநா கையை நீட்டி ஒவ்வொரு இடமாக அழுத்துவார். எந்த இடத்தை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கே சோக்குக் கட்டியால் ஒரு கோடு. பிறகு முற்றத்துக்கு வந்து அந்த இடத்தைக் கழற்றி, டியூப் துண்டையோ கம்பளியையோ வைத்து மூடுவார். அத்தோடு சத்தம் செத்துப்போகும்.

அக்கா அக்குறணையில் பிறந்தவர். வாப்பாவுக்கு மிளகு ஏற்றும் லொறி இருந்ததாம். முற்றத்தில் லொறியை முன்னும் பின்னும் எடுத்து எடுத்தே ஓட்டப் பழகியவர், கல்யாணத்துக்கு முன்னாலேயே லைசன்ஸ் எடுத்துவிட்டார். அதற்காக உறவுக்குள்ளே வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார்களாம். அவர் பதிலே பேசவில்லையாம். சின்ன வயதிலிருந்தே ஊமைக்கோட்டான் என்றுதான் தன்னைச் சொல்வார்கள் என்று அவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நான் அதை நம்பவில்லை. எப்படி நம்புவது? நான் பார்த்த றுமைஸா அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய் ஓயாத மனுஷி.

"டீச்சர், இந்தக் கதவுப் பக்கத்தால காத்து வருதே." "டீச்சர், இந்த லாச்சிக்குள்ள என்னத்த அடைச்சு வெச்சீக்கிறீங்க?" இப்படி ஏதாவது ஒன்று. பின்னால் படுத்திருக்கும் நாநாவுக்குச் சீறிக்கொண்டு வரும். ஓட்டுகிறவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்ட வேண்டும், சத்தம் கேட்க விடுகிறாளில்லை என்று வாடிக்கையாளர் முன்னாலேயே ஏசுவார். அக்கா வாயை மூடிக்கொள்வார், அரை நிமிஷத்துக்கு. பிறகு மறுபடியும் ஆரம்பம். எனக்கே சில நேரம் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் நானும், "அக்கா, பாவம் நாநா, கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்று சொல்லியிருக்கிறேன். பெரிய நியாயம் சொன்ன நினைப்பு எனக்கு.

பிறகொரு தடவை கார் கொண்டுபோனபோது முன்சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சத்தம் எங்கே என்று எனக்கே தெரிந்தது. நடுக்கண்ணாடிக்கு மேலே, கூரையில், சின்ன லைட் இருக்கும் இடத்தில் கிறுகிறுவென்று சுண்டிக்கொண்டே வந்தது. ஆனால் நாநா பின்னால் இடது பக்கக் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். அழுத்தினார், காதை வைத்தார், மறுபடி அழுத்தினார். நான் திரும்பி வாயைத் திறந்தேன். அக்கா இடது கையால் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார். பிறகு சத்தமாக, "என்ன டீச்சர், இந்தக் கண்ணாடிக்கு மேல இவ்வளவு தூசி, தொடைக்கிறதே இல்லையா?" என்றார்.

நாநா வழக்கம்போல ஏசினார். கொஞ்ச நேரம் போனது. பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவால் அவருடைய கை முன்னே வந்து, கண்ணாடிக்கு மேலே தடவி, லைட்டைச் சுற்றி அழுத்தியது. சத்தம் நின்றது. "இங்கதான்" என்று சொல்லிக் கோடு போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

முற்றத்துக்கு வந்ததும் நாநா ஸ்பொஞ்ச் தேடி உள்ளே போனார். அக்கா காரை விட்டு இறங்காமல் என்னிடம் சொன்னார்: "அவருக்குக் காது போய்த்து டீச்சர். பேச்சுக் கேக்கும். இந்தச் சின்னச் சத்தம் ஒண்டும் கேக்கிறல்ல. அது அவருக்கே தெரியாது."

நாநா வாலிப வயதெல்லாம் டிங்கரிங் பட்டறையில் தகரம் அடித்தவர். காதைக் கெடுத்தது அதுதான். டாக்டரிடம் கூட்டிப் போகலாமே, அவரிடமே சொல்லிவிடலாமே என்றேன். படித்தவளின் புத்தி அப்படித்தானே போகும். அக்கா தலையை ஆட்டினார். முன்பு ஒரு தடவை முதுகு பிடித்து வேலை இல்லாமல் போனபோது நாநா மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தாராம். சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. மகள் பஸ்லினா பள்ளிக்கூடம் விட்டு வந்து கூப்பிட்டாலும் திரும்பமாட்டாராம். படுத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்று இந்தச் சத்தம் பார்க்கிற வேலையைப் பிடித்த பிறகுதான் மனுஷனாக எழும்பினாராம். காது போய்விட்டது என்று தெரிந்தால் மறுபடி அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்று அக்காவுக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் பேசாத மனுஷி பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார். சத்தம் வருகிற இடத்தைப் பேச்சுக்குள் வைத்துக் கொடுப்பார். காதில் விழுந்த வார்த்தையைத் தன் சொந்த யோசனை என்று நினைத்து நாநாவின் கை அங்கே போகும். கை போய்விட்டால் போதும், உள்ளங்கைக்கு நடுக்கம் தெரிந்துவிடும்.

"ஆனா எல்லாருக்கும் முன்னால உங்கள ஏசுறாரே அக்கா" என்றேன்.

"ஏசட்டும் டீச்சர். ஏசக்குள்ள அவர் நல்லா ஈக்கார் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மோகனராஜிடம் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் பணிவாக நடந்துகொண்டேன். அவர் காய்ச்சலா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு காரில் ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் எனக்குக் கோபம் வரவில்லை, அவர்களைப் பார்க்கப் போகலாம் என்றுதான் தோன்றும். அக்காவும் நானும் முன்சீட்டில், நாநா பின்னால். அக்கா பேசுவார், நாநா ஏசுவார், கண்ணாடியில் அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். என் வீட்டு ஆட்கள் யாருக்கும் சொல்லாத ரகசியம் அது.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் பஸ்லினா எனக்கு ஃபோன் எடுத்தாள். உம்மா மௌத்தாகிவிட்டா என்றாள். சுபஹ் தொழுதுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனவர் குசினிக்குள்ளேயே விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம். நான் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். முற்றத்தில் யாருடையதோ ஒரு கார் கதவுத் தட்டு கழற்றியபடி நின்றது. அதைப் பார்த்ததும் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பிறகு ஒரு பின்னேரம் நாநாவைப் பார்க்கப் போனேன். கதிரையில் உட்கார்ந்திருந்தார், சுவரைப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கேட்காமலே பேசினார். அக்கா கடைசியாக ஓட்டியது ஒரு டாக்டரின் காராம். அன்றைக்கு என்ன கோபமோ, டாக்டர் முன்னாலேயே, ஒரு நாளைக்காவது வாயை மூடிக்கொண்டு ஓட்டமுடியாதா என்று கத்திவிட்டாராம். அக்கா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒழுங்கையில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கியும் நாநாவுக்குச் சத்தம் பிடிபடவில்லையாம். காரில் சத்தமே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாராம். அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

"ஏசின ஏச்சில என்ட மனசு சரியில்லாம போய்த்து. அதுதான் காதுல ஒண்டும் விழல்ல" என்றார் நாநா.

அந்த மௌனத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அக்கா காப்பாற்றி வைத்ததை நானும் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

இனி வேலை தொடங்கப் போகிறேன், பஸ்லினாவின் மாப்பிள்ளை ஷாமில் ஓட்டுவான் என்று சொன்னார். ஷாமிலுக்கு அக்காவின் வித்தை தெரியாது. முதல் வேலையே அவரை உடைத்துவிடும். ஆகவே முதல் கார் என்னுடையதாக இருக்கட்டும், நானே ஓட்டுகிறேன் என்றேன். என் காரில் அப்போது டேஷ்போர்டுக்குள் ஒன்று கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்கா செய்ததை நானும் செய்துவிடலாம் என்று ஒரு தைரியம். வகுப்பில் மக்குப் பிள்ளைகளுக்குப் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிறவள் நான், இது என்ன பெரிய காரியம்.

துணைக்குப் பஸ்லினா முன்சீட்டில் ஏறினாள். நாநா பின்னால் படுத்தார். ரயில் கடவையிலேயே சத்தம் தொடங்கிவிட்டது. ஒழுங்கையில் திரும்பியதும் கேட்கவே வேண்டாம், காது கூசும் அளவுக்கு அடித்தது. நாநாவின் கை பின்கதவைத் தடவியது, சீட் பெல்ட் கொழுவியைப் பிடித்துப் பார்த்தது, கூரையைத் தட்டியது. பஸ்லினா என்னைப் பார்த்தாள். அவள் ஏதும் சொல்லிவிடுவாளோ என்ற அவசரத்தில் நான் முந்திக்கொண்டேன்.

"என்ன பஸ்லினா, இந்த டேஷ்போர்டுக்கு மேல இவ்வளவு தூசி, நான் தொடைக்கிறதே இல்ல போல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், அக்காவின் அதே வசனம்.

பின்னால் கை அசையாமல் நின்றது. ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அந்த ஏச்சைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஏச்சு வரவில்லை. நாநா மெல்ல எழும்பி உட்கார்ந்தார்.

"நிப்பாட்டுங்க டீச்சர்" என்றார்.

நிறுத்தினேன். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளிடம் கேட்டார், இவ்வளவு நேரமும் சத்தம் வந்ததா என்று. அவளுக்கு எதுவும் தெரியாது, பாவம். "வந்திச்சே வாப்பா. டேஷ்போர்டுக்குள்ள. நல்லாக் கேட்டிச்சே" என்றாள்.

அவர் கையை நீட்டி டேஷ்போர்டின் மேல் வைத்தார். என்னிடம் காரை மெதுவாக எடுக்கச் சொன்னார். ஒரு குழியில் இறக்கி ஏற்றினேன். உள்ளங்கையில் அது அடித்திருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு காலமாகத் தனக்குக் கேட்கவில்லை என்று கேட்டார். பொய் சொல்ல எவ்வளவோ யோசித்தேன், முடியவில்லை. அவருடைய காதைப் பற்றியும், அக்கா பேச்சிலேயே இடம் காட்டியதையும் சொன்னேன். அக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை, நாநா ஏசும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்றும் சொன்னேன். அது உண்மைதான்.

நாநா கையை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு, "அவ பேசிப் பேசி எனக்குச் சோறு போட்டீக்கா. நான் வாய மூடு வாய மூடு எண்டே ஏசிக்கொண்டு ஈந்தீக்கேன்" என்றார். பஸ்லினா அழ ஆரம்பித்தாள். அவர் அவளைத் தேற்றவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடைசி நாள் மட்டும் நான் சொன்னதக் கேட்டு வாய மூடினா."

காரைத் திருப்பினேன். முற்றத்தில் இறங்கியபோது, உங்கள் சத்தத்தை எடுத்துத் தர முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றார். பரவாயில்லை என்றேன். தகரக் கூரையைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு தடவை பிறகு போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார்.