பஸ் நிற்பதற்காக வைத்த பிள்ளையார்

பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் கிடந்தோமே, அதற்கு அடுத்த வருட மாரியில்தான் என் பேத்திக்கு யூனிவர்சிட்டி கிடைத்தது. திகதி கேட்டால் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழுக்கச் சேறு. கடிதம் கொண்டுவந்த தபால்காரர் அதற்குள் சைக்கிளோடு சரிந்தார். அது நல்ல ஞாபகம்.

யூனிவர்சிட்டி எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு கட்டை, அதாவது பன்னிரண்டு மைல் தூரம். கட்டும்போது நானும் கல் சுமந்தேன். திறந்த அன்று மேடையில் ஒரு பெரியவர், தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய எங்களைப் போன்ற சனத்தின் பிள்ளைகளுக்காகத்தான் இது என்றார். நானும் கைதட்டினேன். பிள்ளை எப்படி அங்கே போய்ச் சேரும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையில் ஒரேயொரு அரசாங்க பஸ். மாணவர் சீசன் டிக்கெட் அதில்தான் செல்லும். அது எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்காது. பேத்தி கையைக் காட்டுவாள். அது புழுதியை இறைத்துவிட்டுப் போகும். ஒருநாள் நடு றோட்டில் நின்று மறித்தேன்.

"ஐயா, சாகிறதுக்கு வேற பஸ் கிடைக்கேல்லையோ?" என்றார் றைவர்.

"புள்ள படிக்கப் போகணும், தம்பி."

"இதில நிப்பாட்ட ஏலாது. சந்திக்குப் போய் ஏறச் சொல்லுங்கோ."

சந்தி இரண்டு கட்டை. யானை கடக்கிற காடு. நூற்றுக்கு எண்பது நாள் வகுப்பில் இருக்காவிட்டால் சோதனை எழுத விடமாட்டார்கள் என்று பேத்தி விரல் மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு விசர் பிடித்தது. இந்த வன்னியில் பஸ் எதற்குத்தான் நிற்கும்? றோட்டோரம் இருக்கிற முறிகண்டிப் பிள்ளையாருக்கு நிற்கும். எந்த அவசரக்காரனும் அங்கே இறங்கிக் கற்பூரம் கொளுத்தாமல் போகமாட்டான். வீட்டுக் கிணற்றடியில் நான் முப்பது வருடம் கத்தி தீட்டிய ஒரு கல் கிடந்தது. தேய்ந்து தேய்ந்து வயிறு மாதிரி ஒரு பக்கம் உருண்டிருக்கும். அதைக் கழுவி, சந்தனம் பூசி, ஒழுங்கை முகப்புப் பாலைமரத்தடியில் வைத்தேன். தப்புத்தான். என் அப்பாவும் தோட்டத்தில் இப்படி ஒரு கல்லை வைத்துத்தான் கும்பிட்டார். ஆனால் அவர் பஸ்ஸுக்காக வைக்கவில்லை.

மூன்றாம் நாள் பஸ் நின்றது. றைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். பேத்தி ஏறிக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன்.

பிறகுதான் கரைச்சல். றைவரைப் பார்த்துச் சனமும் இறங்கத் தொடங்கியது. ஒரு பெண் கச்சான் கடலை விற்க வந்தார். ஒருவர் தேங்காய் கொண்டுவந்தார். கொண்டக்ரர் என்னிடமே விளக்கம் சொன்னார்:

"இது ஆதிகாலத்துப் பிள்ளையார், ஐயா. வலு சக்தி."

"எனக்குத் தெரியும், தம்பி. பஸ்ஸ எடுங்க."

"சாமி காரியத்தில அவசரப்படக் கூடாது."

கால் மணித்தியாலம் நிற்கிறது. எட்டு மணிக்கு விரிவுரையாளர் கதவைச் சாத்திவிடுவார்.

"தாத்தா, முந்தி பஸ்ஸே இல்ல. இப்ப பஸ்ஸுக்குள்ள இருந்துகிட்டே வகுப்பத் தவற விடுறேன்," என்றாள் பேத்தி. "இன்னும் நாலு நாள் போச்சுன்னா சோதனை இல்ல."

கல்லைத் தூக்கிவிடலாம் என்று போனேன். கச்சான்காரி, "ஐயாவுக்கு வயசு போய் அறளை பேர்ந்திட்டுதோ?" என்று கத்த, நாலு பேர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்கள். என் கத்தி தீட்டிய கல்லை நான் தொட முடியாது! உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

அந்த றோட்டால் போகிறவர்கள் யாராவது இதைக் கேட்டால், முன் சீற்றில் இருந்து றைவரின் காதில் போட்டுவிடுங்கள்: கற்பூரம் கொளுத்துவதைப் பின்னேரம் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளட்டும். காலையில் பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகட்டும்.