நெயில் பாலிஷ் போட்ட மீட்டர்

"ரெண்டு குண்டுப் பொம்பளைங்க, எண்பத்தெட்டு. டாக்டர் சீட்டு, ஒம்பது. ஒத்த வாத்து, ரெண்டு."

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு மாவிஸ் சக்டன் மின்சார மீட்டரைப் படிக்கிறார். மாதக் கடைசி நாள். ஹாலிஃபாக்ஸ் பிங்கோ அரங்கில் பல வருஷம் மைக் பிடித்த தொண்டை அது. பிங்கோ என்றால் நம் ஆட்கள் கல்யாண வீட்டில் ஆடும் ஹவுசிதான். ஒவ்வொரு எண்ணுக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் மாவிஸுக்கு எண்பத்தெட்டை வெறும் எண்பத்தெட்டாகச் சொல்ல வராது.

பழைய கல்வீடு ஒன்றை மூன்றாகத் தடுத்திருக்கிறார்கள். கீழே மாவிஸ், நடுவில் கெல்ஸி பூத்ராய்ட், ஓட்டுக்கு அடியில் நான். மூன்று மீட்டர்களும் அந்த ஒரே அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. மூன்றையும் மாவிஸ்தான் படிப்பார். நாங்கள் அவரவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்ட எண்ணை போனில் கம்பெனிக்குத் தட்டிவிடுவோம். தானாகக் கணக்கு அனுப்பும் புதுவகை மீட்டரைப் பற்றி ஒரு நாள் பேச்செடுத்தேன். "என் வீட்டுக்குள்ள உளவு பாக்கறதுக்கு ஒரு பொட்டியா? என் புருஷனையே நான் அந்த வேலை பாக்க விட்டதில்ல" என்றார்.

இந்த நாட்டில் கரண்ட் பில்லை யாரும் வரிசையில் நின்று கட்டுவதில்லை. மாதம் பிறந்தால் வங்கியிலிருந்து ஒரே தொகை தானாகப் போய்விடும். டைரக்ட் டெபிட். கோடையில் கூடுதலாகக் கட்டியது குளிர்காலத்துக்கு ஈடு கொடுக்கும். போனதே தெரியாது என்பதுதான் அதன் சௌகரியம். வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனிக்காரர்கள் தொகையை ஏற்றப் பார்ப்பார்கள். மற்றவர்கள் முனகிவிட்டு விட்டுவிடுவார்கள். மாவிஸ் விடமாட்டார். டீ போட்டு, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"தம்பி, என் பேர்ல பணம் மிச்சம் இருக்கு. மிச்சம் வெச்சிருக்கறவகிட்ட ஏத்தறேங்கறியே, உங்கம்மா உன்ன இப்படியா வளத்தாங்க?"

அந்தப் பக்கம் இருப்பவர் பாவம். கொஞ்ச நேரத்தில் தொகை இறங்கிவிடும். அலமாரியில் புது மீட்டர்கள் மாட்டிய வருஷம் அப்படி ஒரு சண்டை போட்டாராம். "அன்னிக்கு வறுத்தெடுத்தேன் பாரு, அதுலேர்ந்து நாப்பது பவுண்டுக்கு மேல போனதில்ல" என்பார். கடைத்தெரு முழுக்க அந்த நாற்பது தெரியும். மீன் கடைக்காரருக்குத் தெரியும், பாதிரியாருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் அவர் வீட்டுக்குள் போனால் ஜனவரியிலும் வியர்க்கும். எல்லா அறையிலும் சுவர் ஹீட்டர் எரியும். துணி உலர்த்தும் மெஷின் உருண்டுகொண்டே இருக்கும். கிளிஃபர்ட் என்ற ஆமைக்கு ராத்திரி பகல் ஓயாத சூட்டு விளக்கு. ஆமைகள் குளிர்காலத்தில் தூங்கும் அல்லவா என்று கேட்டால், "கிளிஃபர்ட் அந்த மாதிரி ஆமை இல்ல" என்று பதில் வரும். பூப்போட்ட அரைக்கை கவுனில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே எங்களுக்குச் சிக்கனம் சொல்லித் தருவார். கெட்டிலில் ஒரு கோப்பைக்கு மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கதவிடுக்கில் பழைய காலுறையைத் திணித்து வைக்க வேண்டும். இருட்டுவதற்குள் திரையை இழுத்துவிட வேண்டும். இந்த மூன்றையும் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. நாற்பது பவுண்டு அதனால்தான் என்று மனதார நம்பினார். நானும் நம்பினேன், காலுறை திணித்தேன்.

கெல்ஸி பள்ளிக்கூடச் சமையல் கட்டில் வேலை செய்கிறாள். புது மீட்டர் வந்த சில வாரங்களில் வயிற்றுப் பிள்ளையோடு குடிவந்தவள். குழந்தை ஐரிஸுக்கு இப்போது நடை பழகிவிட்டது. அவர்கள் வீட்டில் ஒரே ஒரு ஹீட்டர்தான் எரியும், அதுவும் குழந்தை குளிக்கும் நேரம் மட்டும். கெல்ஸி கோட்டைக் கழற்றாமலே சோறு தின்பாள். ஐரிஸுக்கு வீட்டுக்குள்ளும் கம்பளிக் குல்லா. அந்தக் குல்லாவைப் பின்னிக் கொடுத்தது மாவிஸ்தான், "மேல குழந்த வெறைச்சுக் கெடக்குது" என்று சொல்லி.

"உன் டெபிட் எவ்வளவு கண்ணு?" என்று படியில் நிறுத்திக் கேட்பார்.

"நூத்தி முப்பது ஆக்கிட்டாங்க, மாவிஸ்."

"நூத்தி முப்பதா? நோட்டப் போட்டு அடுப்பெரிக்கறியா நீ? கெட்டில்ல எவ்வளவு தண்ணி ஊத்தற?"

"ஒரு கப்தான்."

"அப்ப கப்பு பெருசா இருக்கும்."

கெல்ஸி சிரித்துவிட்டுப் போய்விடுவாள். சிரிப்பு கதவு வரைக்கும்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுத் தரை மெல்லிய பலகை, கீழே அவள் வீட்டில் நடப்பதெல்லாம் கேட்கும்.

சென்ற அக்டோபரில் மாவிஸ் தங்கை வீட்டுக்கு, ஸ்கார்பரோ கடற்கரைக்கு, இரண்டு வாரம் போனார். ஆமையைக் கூடையில் வைத்துக் கையோடு கொண்டுபோனார். மெயின் சுவிட்சை அணைத்தார், அணைத்ததை எங்களிடம் சொன்னார், தெருவிலும் சொன்னார். திரும்பி வந்ததும் கோட்டோடு அலமாரிக்குள் நுழைந்தவர் வழக்கம்போல் கூவவில்லை. பட்டப்பெயர் எதுவும் சொல்லாமல் எண்ணை மெதுவாக வாய்க்குள் படித்தார். பிறகு எங்கள் இரண்டு கதவையும் தட்டினார்.

"ஆளே இல்லாத வீடு கரண்ட் சாப்ட்டிருக்கு. வழக்கமா ஆகறது அப்படியே ஆகியிருக்கு. யாரோ என் லைன்லேர்ந்து இழுக்கறாங்க."

அந்த "யாரோ" என்னும்போது அவர் கண் யார் பக்கம் போனது என்பதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

கெல்ஸியின் முகம் வெளுத்துவிட்டது. "நான் திருடறேங்கறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. மீட்டர் சொல்லும்."

மூன்று மீட்டர்களின் மேலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெரிதாக எழுதியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம் உண்டு. கரண்ட் ஓட ஓட அது மினுக்கும். ஊருக்குப் போகும்போது அணைத்த மெயினை மாவிஸ் இன்னும் போடவே இல்லை. ஒன்றாம் எண் மீட்டர் மினுக்கிக்கொண்டே இருந்தது. "பாத்தியா?" என்றார். கெல்ஸி குழந்தையை என் கையில் திணித்துவிட்டுப் படியேறிப் போனாள். மேலே சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்டது. ஒன்றாம் எண்ணின் மினுக்கல் நின்றுபோனது.

மாவிஸ் கையைக் கட்டிக்கொண்டார். பிங்கோ அரங்கில் யாராவது பொய்யாக ஜெயித்தேன் என்று கத்தினால் இப்படித்தான் நிற்பாராக இருக்கும். "போதும் கண்ணு. கம்பெனிக்குச் சொல்லிடறேன்" என்று உள்ளே போய் மெயினைப் போட்டார். ஹீட்டர்கள், மெஷின், ஆமை விளக்கு எல்லாம் ஒரே மூச்சில் உயிர் பெற்றன.

இரண்டாம் எண் மீட்டர், கெல்ஸியினுடையது என்று நாங்கள் நினைத்திருந்தது, வெறிபிடித்த மாதிரி மினுக்கத் தொடங்கியது. மேலே கெல்ஸியின் வீடு இன்னும் இருட்டாகவே இருந்தது.

"மாவிஸ், இங்க வந்து பாருங்க" என்றேன்.

வந்து பார்த்தார். உள்ளே போய் அணைத்தார், வந்து பார்த்தார், மறுபடி போய்ப் போட்டார். எத்தனை முறை போனாரோ தெரியாது. கடைசியில் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"இந்த நம்பரை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

நாங்கள் அவர் கையைப் பார்த்தோம். அந்தச் சிவப்பு இன்றைக்கும் அவர் விரல் நகங்களில் இருக்கிறது.

"நான்தான். மீட்டர் மாட்ட வந்த பையன் எது யாருதுன்னு கேட்டான். இதுகூடவா தெரியல, மொதல் மீட்டர் மொதல் வீடுன்னு சொன்னேன். அவன் இன்னொரு தடவை கேட்டான். எனக்குத் தெரியாதா, எழுதிக்கோன்னேன்." கொஞ்ச நேரம் என் கையிலிருந்த ஐரிஸையும் அந்தக் குல்லாவையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கெல்ஸி, மேல போயி எல்லா ஹீட்டரையும் போடு."

"டெபிட் வந்து..."

"போடுன்னேன். உன்ன அந்த மாதிரி நெனச்சேன் பாரு, அது கேவலம். மன்னிச்சுக்கோ."

மறுநாள் காலை டீ, ஜன்னலோர நாற்காலி, ஸ்பீக்கர் எல்லாம் வழக்கம்போல. என்னையும் கெல்ஸியையும் சாட்சிக்கு உட்கார வைத்துக்கொண்டார்.

"தொகையைக் குறைக்கணும், அப்படித்தானே மேடம்?" என்றது அந்தப் பக்கக் குரல். பெயரைப் பார்த்ததுமே பையனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"கூட்டணும்."

"மன்னிக்கணும், சரியா கேக்கல."

"காது நல்லாத்தான் இருக்கு உனக்கு. எம்மேல ஏறவேண்டியது மேல் வீட்டுப் பொண்ணு மேல ஏறியிருக்கு. அவளுது எனக்கு, என்னுது அவளுக்கு. மாத்து. தப்பு உங்களுது இல்ல, என்னுது. இந்த வாக்கியத்த நீ எழுதி வெச்சுக்கலாம், இன்னொரு தடவை கெடைக்காது."

விசாரித்துவிட்டு, கணக்கை ஒரு வருஷம் வரைக்கும்தான் பின்னால் போய்த் திருத்துவோம், அதற்கு முந்தையது முடிந்தது முடிந்ததுதான் என்றார்கள். கெல்ஸிக்கு அதுவே பெரிய நிம்மதி. மாவிஸுக்கு அது போதவில்லை. நேரே வங்கிக்குப் போய், தன் பென்ஷனிலிருந்து கெல்ஸியின் கணக்குக்கு மாதாமாதம் ஒரு தொகை போக ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்.

"எனக்கு ஒரு மாதிரி இருக்கு. வேணாம், மாவிஸ்."

"ஒரு மாதிரி இருக்கக்கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணேன். ஒண்ணாந்தேதி தானா வரும். நீ கேக்கவும் வேண்டியதில்ல, நான் நீட்டவும் வேண்டியதில்ல. இவ்வளவு நாளா உங்கிட்டேர்ந்து நான் எடுத்ததும் அப்படித்தானே, ரெண்டு பேருக்கும் தெரியாம?"

இந்தக் குளிர்காலத்தில் கீழ்வீட்டில் வியர்ப்பதில்லை. துணி மெஷின் விலைபோய்விட்டது. கிளிஃபர்ட் கடைசியில் அந்த மாதிரி ஆமையாகிவிட்டது. கால்நடை மருத்துவரிடம் கேட்டு, காற்றுத் துளை போட்ட டப்பாவில், ஃபிரிஜ்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் தூங்குகிறது. தினமும் கதவைத் திறந்து மூச்சு பார்த்துவிட்டு மூடுகிறார். சிக்கனப் பாடம் மட்டும் நின்றபாடில்லை. கெட்டிலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நேற்றுக்கூட என்னைக் கேட்டார். எனக்குக் கீழே, நடு வீட்டில், ஐரிஸ் வெறுந்தலையோடு பலகை அதிர ஓடுகிறாள். தூக்கம் கெட்டாலும் எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது.

ஜனவரிக் கடைசி நாள் மாவிஸ் அலமாரியைத் திறந்தார். பழைய நெயில் பாலிஷைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார். என் எண்ணைக் கூவினார். கெல்ஸியின் எண்ணைக் கூவினார், அது சின்ன எண்தான். அடுத்தது அவருடையது. இத்தனை வருஷம் அவர் எரித்ததெல்லாம் அந்த எண்ணில் ஏறியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். நானும் கெல்ஸியும் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து காத்திருந்தோம். இதை மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

மாவிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். தெருவே கேட்கும்படி, பட்டப்பெயர் ஒன்றையும் விடாமல், முழு எண்ணையும் கூவினார். பிறகு அலமாரியைச் சாத்திவிட்டு, போட்டிருந்த இரண்டாவது கம்பளிச்சட்டையின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார்.